மழை தொடங்கியதிலிருந்து வீடியோ அழைப்பு அறுந்துபோகிறது: போனா, பெட்டியா, வயரா?

முடிச்சுக்காரி, மதுரை. ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் வீடு. சுங்குடிச் சேலை குடும்பத் தொழில். பன்னிரண்டு பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுத் தருகிறார்கள். சாயம் ஏற்றுவது வெளியே ஒரு பட்டறையில்; முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழும். அங்கிருந்து வரும் சேலைகளை அலசிக் கஞ்சி போட்டு உலர்த்துவதும், உலர்ந்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து முடிச்சை அவிழ்ப்பதும் எங்கள் வீட்டில்.

இப்போது எங்கள் விற்பனையில் பெரும்பகுதி வீடியோ அழைப்பில்தான். கோயம்புத்தூர், பெங்களூரு, மும்பை என்று வெளியூர்ப் பெண்கள் பார்த்து வாங்குகிறார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகும் அச்சுப் புள்ளிச் சேலையைச் சுங்குடி என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள், "புள்ளியைக் கிட்டத்தில் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். கையால் கட்டிய புள்ளியின் நடுவில் துணி சிறு கூம்பாக எழும்பி நிற்கும். எந்த இரண்டு புள்ளியும் ஒரே அளவாக இருக்காது. அதைக் கண்ணால் பார்த்தால்தான் விலைக்கு ஒப்புக்கொள்வார்கள். படம் மங்கினால் கைமுடிச்சும் அச்சும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட பெண்ணின் உழைப்பு அந்த மங்கலில் காணாமல் போகிறது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பிரச்சினை இதுதான். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததிலிருந்து காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை வீடியோ அழைப்பு நிலைப்பதில்லை. படம் கட்டம் கட்டமாக உடையும், குரல் விட்டு விட்டு வரும், பிறகு "மீண்டும் இணைகிறது" என்று சுற்றும். வைஃபை கோடுகள் நிறைந்தேதான் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் கண்ணாடிபோலத் தெரிகிறது. புரட்டாசி வரை பகலிலும் இப்படி நேர்ந்ததில்லை.

வீட்டின் அமைப்பைச் சொல்கிறேன். பழைய வீடு, குறுகலாக நீண்டு போகும். ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புக் காரை. இணைய வயர் தெருப்பக்கம் வருவதால் வைஃபை பெட்டி (ரவுட்டர்) முன்னறையில் இருக்கிறது. அடுத்தது கூடம். அதைத் தாண்டி முற்றத்தை ஒட்டிய பின்னறை. நான் பின்னறையில்தான் உட்கார முடியும். சேலையின் நிறம் மாறாமல் தெரிய அங்கேதான் பகல் வெளிச்சம் வருகிறது. மழைக்காலத்தில் மொட்டை மாடியில் காயப்போட முடியாததால் கூடத்தையும் அலமாரிகளையும் தொழிலுக்கே கொடுத்துவிட்டோம். வேறு இடமும் இல்லை.

இணைய நிறுவனத்திலிருந்து வந்தவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்தார். கட்டிய பணத்துக்கு உரிய 100 எம்பி முழுதாக வந்தது. "உங்கள் போன்தான் கெட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். போனைக் கொண்டுபோய்க் காட்டினால், "போனில் ஒன்றுமில்லை, பெட்டிதான் பழையது" என்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தையோ, மழை பெய்தால் லைன் அப்படித்தான் இருக்கும் என்கிறார். போன் வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. பெட்டியின் படத்தையும் அடியிலுள்ள ஒட்டுத்தாளின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

தீபாவளி ஆர்டர்கள் கையில் நிற்கின்றன. எங்கிருந்து தொடங்கிப் பார்ப்பது?

பற்றுக்கோல், டவுன் ஹால் ரோடு. ஞாயிறு, இரவு 10.25

அக்கா, முதல் வேலையாக அந்த ஒட்டுத்தாள் படத்தை நீக்குங்கள். வைஃபை கடவுச்சொல்லும் பெட்டிக்குள் நுழையும் கடவுச்சொல்லும் அதில் அச்சாகியிருக்கின்றன. நீக்கிய கையோடு இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

நான் போன் பழுது பார்ப்பவன். வைஃபை நிற்கவில்லை என்று வாரத்துக்கு நான்கைந்து போன்கள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் உள்ளே ஆன்டெனா தொடர்பு விட்டுப்போனவை வெகு சில. கீழே விழுந்து ஓரம் நசுங்கிய போனில், அல்லது வேறெங்காவது திரை மாற்றி மூடி சரியாக உட்காராத போனில் அப்படி இருக்கும். உங்கள் போன் இரவில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆன்டெனா விட்டுப்போன போனுக்குப் பகலும் இரவும் தெரியாது. ஆகையால் போனைத் திறக்க வேண்டிய தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனாலும் போனுக்குள் சில அமைப்புகள் இதே மாதிரியான தொல்லையைத் தரும். வைஃபை சற்றுத் தளர்ந்ததும் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி பல போன்களில் இருக்கிறது. பெயர் போனுக்குப் போன் மாறும். அழைப்பின் நடுவே அப்படித் தாவினால் ஐபி முகவரி (இணையத்தில் போனின் அடையாள எண்) மாறும், அழைப்பு ஒரு கணம் அறுந்து திரும்ப ஒட்டும். "மீண்டும் இணைகிறது" என்பது அதுவாகவும் இருக்கலாம். சோதிக்கும் நாட்களில் அதை அணைத்து வையுங்கள். பேட்டரி சேமிப்பையும் அணையுங்கள். பிறகு வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரை "மறந்துவிடு" என்று கொடுத்துப் புதிதாகக் கடவுச்சொல் போட்டு இணையுங்கள்.

காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு பேசுகிறீர்களா? சேலையைக் காட்ட இரண்டு கையும் வேண்டுமே, அதனால் கேட்கிறேன். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வீட்டு வைஃபையில் வழக்கமான இரண்டு அலைவரிசைகளில் ஒன்றும் அதே 2.4. பல போன்களில் இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா; மாறி மாறித்தான் பயன்படுத்தும். நெரிசல் இருக்கும் இடத்தில் அது குரலைக் கடித்துவிடும். ஒரு நாள் வயர் இயர்போனில் பேசிப் பாருங்கள்.

"நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை" என்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், ப்ளூடூத் இணைப்புகள் போன்ற அமைப்புகள்தான் அதில் போகும், படங்கள் போகாது. போனை முழுதாக அழிக்கச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாடிக்கையாளர் உரையாடல்கள், சேலைப் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தும் இல்லை.

வீட்டில் இன்னொருவர் போனை அதே நாற்காலியில், அதே நேரத்தில் வைத்துப் பார்த்தீர்களா? அந்த விடை வந்தால் நான் சொன்னதில் பாதி தேவைப்படாமல் போகும்.

செல்லூர்வாசி. திங்கள், காலை 7.10

கூடத்தில் ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டுங்கள். எங்கள் வீட்டு மாடிக்கு அப்படித்தான் செய்தோம். ஒரே நாளில் சரியாகிவிட்டது.

தூண்பெட்டி, திருநகர். திங்கள், காலை 11.30

அம்மா, நான் தொலைபேசித் துறையில் லைன் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் வாங்குவதற்கு முன்னால் எங்கே அறுகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுத் தொலைபேசி கெட்டால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை கம்பியை அங்குலம் அங்குலமாகத் தேட மாட்டோம். நடுவில் தெருமுனைத் தூண்பெட்டியில் கருவியை மாட்டுவோம். அங்கே ஒலி இருந்தால் எக்ஸ்சேஞ்ச் பக்கம் முழுவதையும் மறந்துவிடலாம், வீட்டுப் பக்கம் மட்டும் பார்த்தால் போதும். மிச்சத்தை மறுபடி பாதியாக வெட்டுவோம். இரண்டு மூன்று வெட்டில் பழுது கையில் கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டில் நடுத் தூண், அந்தப் பெட்டிதான். போனிலிருந்து பெட்டி வரை காற்றில் ஒரு பாதி. பெட்டியிலிருந்து வெளியுலகம் வரை கண்ணாடி இழையில் மறு பாதி. இரண்டையும் தனித்தனியாக அளக்கலாம். போனில் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம்) அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வைஃபை விவரங்களில் "கேட்வே" என்று ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. அதுதான் உங்கள் பெட்டியின் முகவரி. பிரச்சினை நடக்கும் நேரத்தில், பின்னறை நாற்காலியிலேயே உட்கார்ந்து, முதலில் அந்த எண்ணுக்குப் பிங் கொடுங்கள். அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்குக் கொடுங்கள். அது வெளியே இருக்கும் ஒரு சர்வர்.

பெட்டிக்குக் கொடுத்த பிங் சில மில்லிசெகண்டுகளில் ஒழுங்காகத் திரும்பி, வெளியே கொடுத்தது மட்டும் தடுமாறினால், குற்றம் வெளியே. அந்த எண்களைக் காட்டி நிறுவனத்திடம் உரிமையோடு கேட்கலாம். பெட்டிக்குக் கொடுத்ததே நூற்றுக்கணக்கில் ஏறினாலோ திரும்பாமல் போனாலோ, குற்றம் உங்கள் வீட்டுக்குள். அப்போது லைனை மாற்றியும் பயனில்லை, அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டியும் பயனில்லை.

மழைக்கு லைன் கெடும் என்று அத்தை சொன்னது அவர் கண்ணால் பார்த்த உண்மைதான். செப்புக் கம்பிக் காலத்தில் கேபிள் இணைப்புக்குள் நீர் இறங்கினால் இரைச்சல் வரும், ஒரு குரலுக்குள் இன்னொரு குரல் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்குச் சோற்றுக்கு நேரம் இருக்காது. ஆனால் இப்போது உங்கள் வீட்டுக்கு வருவது கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி. ஈரம் பட்டு அதில் மின்கசிவு ஏற்படாது. இழை கூர்மையாக மடிந்தால், முனையில் தூசி படிந்தால், கம்பத்தில் இழுபட்டால் கெடும். அப்படிக் கெட்டால் பெட்டியில் எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை) என்ற சிவப்பு விளக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பத்து மணிக்குக் கெட்டு நான்கு மணிக்குச் சரியாவது இழையின் குணம் இல்லை.

ரிப்பீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. செல்லூர் நண்பருக்குப் பலன் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் சாதாரண ரிப்பீட்டர் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கருவி. கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னல் கெட்டுப்போன இடத்தில் மாட்டினால் கெட்டதையே திருப்பிச் சொல்லும். பொறுங்கள், பிறகு பார்க்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து மூன்று நாள் எழுதுங்கள். நேரம், இரண்டு பிங் எண், விளக்கின் நிறம், மழையா வெயிலா, அந்நேரம் வீட்டில் என்ன வேலை நடக்கிறது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

முடிச்சுக்காரி. வியாழன், இரவு 9.15

ஐயா, நீங்கள் சொன்னபடியே எழுதினேன். கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் திங்கள் மதியத்திலிருந்து இன்று மாலை வரை முப்பத்தொரு வரிகள் இருக்கின்றன.

படத்தை நீக்கிவிட்டேன், கடவுச்சொற்களையும் மகள் மாற்றிக் கொடுத்தாள். பற்றுக்கோல் தம்பி, மகளின் போனையும் அதே நாற்காலியில் வைத்துப் பார்த்தோம், அதுவும் அறுந்தது. ஆகவே என் போன்மேல் குற்றமில்லை. தானாகத் தாவும் வசதியை அணைத்துவிட்டேன். ப்ளூடூத்துக்குப் பதில் வயர் மாட்டியதும் குரல் ஓரளவு தேறியது, படம் தேறவில்லை.

இனி எண்கள். பின்னறையில் கெட்ட நேரத்தில் பெட்டிக்குக் கொடுத்த பிங்கே 200, 640, 90, பிறகு பதில் இல்லை, பிறகு 410 என்று போகிறது. அதே நிமிடம் போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனால் பெட்டிக்கு 3, 4 என்றும் வெளியே 20க்குள்ளும் வருகிறது. விளக்கு ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. ஆகக் குற்றம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. நிறுவனத்தாரைக் கோபித்துப் பேசியிருந்தேன், அதற்கு வருந்துகிறேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்து கொட்டும் மழை, சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். அன்று முழுவதும் பிங் ஐந்தைத் தாண்டவில்லை. இரண்டு வாடிக்கையாளர்களிடம் பேசி ஏழு சேலை விற்றேன். புதன்கிழமை வானம் வெளுத்து நல்ல வெயில். அன்றுதான் மிக மோசம். அப்படியென்றால் மழைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருபது நாளாக மழையோடு சேர்ந்துதானே வந்துகொண்டிருக்கிறது?

கீழக்குயில்குடி. வியாழன், இரவு 10.05

அம்மா, நான் மின்னணுவியல் இறுதியாண்டு மாணவி. செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் சேலை அலசினீர்களா? கூடத்தில் கொடி எந்தத் திசையில் கட்டியிருக்கிறது? தெருப்பக்கத்திலிருந்து முற்றத்தை நோக்கி நீளவாக்கிலா, குறுக்காகவா?

முடிச்சுக்காரி. வியாழன், இரவு 10.20

செவ்வாய்க்கிழமை மழையால் பட்டறை வண்டி வரவில்லை, அதனால் அலசவில்லை. இரண்டு நாள் சரக்கும் புதன்கிழமை சேர்ந்து வந்தது, காலை ஒன்பதரைக்கு அலசிப் போட்டோம். மாடித் தளத்தில் முந்தின நாள் தண்ணீர் நின்றதால் வெயில் அடித்தும் கூடத்திலேயே போட்டோம். ஐந்து கொடி, எல்லாம் குறுக்காக, சுவருக்குச் சுவர்.

கேட்கும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. ஈரச் சேலையா?

கீழக்குயில்குடி. வியாழன், இரவு 11.00

ஈரச் சேலைதான் என்று நினைக்கிறேன், நாளை அளந்தால் உறுதியாகிவிடும்.

உலர்ந்த பருத்தித் துணி வைஃபைக்குப் பெரிய தடை அல்ல, அலை கடந்து போய்விடும். நீர்தான் தடை. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையால் உணவிலிருக்கும் நீரைச் சூடாக்குகிறது. வைஃபையின் ஒரு வரிசை அதை ஒட்டியே இருக்கிறது, மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸில். அந்த ஐந்தை நீர் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். அடுப்பின் திறன் பல நூறு வாட், உங்கள் பெட்டி அனுப்புவதோ ஒரு வாட்டில் சிறு பகுதி. அதனால் சேலைக்கு ஒன்றும் ஆகாது, சேலையைக் கடக்கும் அலைதான் மெலிந்துபோகும். கஞ்சியும் சாயத்தின் உப்பும் கலந்த நீர் வெறும் நீரைவிட அதிகமாகவே தடுக்கும்.

வேறொரு வீடாக இருந்தால் இது இவ்வளவு பெரிய விஷயமாக ஆகியிருக்காது. அலை சுற்றி வளைத்து எப்படியாவது வந்துவிடும். உங்கள் வீட்டில் ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர். பழைய வீடுகளில் முன்னறை, கூடம், பின்னறை நிலைவாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். உங்கள் வீடும் அப்படித்தானே? அந்த வாசல்களின் வழியேதான் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இத்தனை நாளும் உங்கள் நாற்காலி வரை வந்துகொண்டிருந்தது. அந்த ஒரே பாதையில் ஐந்து வரிசை ஈரத்திரை.

கோடுகள் நிறைந்தே இருக்கின்றன என்று நீங்கள் முதலில் சொன்னதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், ஐந்து மெலிந்ததும் போன் உங்களிடம் சொல்லாமல் 2.4க்கு இறங்கிவிடும். 2.4 சுவரை நன்றாகக் கடக்கும், அதனால் கோடுகள் நிறைந்திருக்கும். கோடு காட்டுவது சத்தத்தின் அளவை மட்டும்தான், அந்த இடத்தில் எத்தனை பேர் சேர்ந்து பேசுகிறார்கள் என்பதை அல்ல. மாசி வீதிச் சந்துகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடுகள். அத்தனை வீட்டுப் பெட்டிகளும் கடைகளின் கேமராக்களும் 2.4இல் நெரிகின்றன. தேரோட்டக் கூட்டத்தில் நின்று கதை சொல்வது போலத்தான் உங்கள் வீடியோ அங்கே திணறுகிறது. ப்ளூடூத்தைக் கழற்றியதும் குரல் தேறியது என்றீர்களே, போன் 2.4இல் இருந்தது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

நாளை அலசுவதற்கு முன்னால், வைஃபை அளக்கும் ஆப் ஒன்றில் பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸின் டிபிஎம் (சிக்னலின் வலு) எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மைனஸ் எண்ணாக வரும். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் நல்லது. வீடியோவுக்கு மைனஸ் 67 அல்லது அதைவிட மேலாக இருப்பது நல்லது. 3 குறைந்தால் திறன் பாதியாகிவிட்டது என்று பொருள். பிறகு ஒவ்வொரு கொடியாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் அளந்து எழுதுங்கள். அளக்கும்போது நாற்காலியையும் போனையும் நகர்த்தாதீர்கள். இந்த அலையின் நீளம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான், போன் ஒரு சாண் நகர்ந்தாலே எண் மாறிவிடும். மனித உடலிலும் நீர்தான் மிகுதி, ஆகவே குறுக்கே யாரும் நிற்க வேண்டாம்.

முடிச்சுக்காரி. வெள்ளி, இரவு 8.50

பாப்பா, நீ நன்றாக இருக்க வேண்டும்.

வாசல்கள் மூன்றும் நேர்கோட்டில்தான் இருக்கின்றன. பின்னறை நாற்காலியிலிருந்து பார்த்தால் தெருக்கதவு தெரியும். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், அது இதற்கு ஒரு காரணமாக இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அலசுவதற்கு முன்: மைனஸ் 62. முதல் கொடி நிரம்பியதும் 65. இரண்டாவதுக்கு 68. மூன்றாவதுக்கும் 68, மாறவில்லை. நான்காவதுக்கு 74. ஐந்தாவது கொடியை நிரப்பி ஓரம் வரை இழுத்துவிட்டதும் 78. அங்கே போன் தானாக 2.4க்கு இறங்கியதை மகள் திரையில் காட்டினாள். கோடுகள் நிறைந்தே இருந்தன, பிங் மட்டும் 300க்கு ஏறியது. மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறிக் காற்றில் முக்கால் உலர்ந்தபோது 70. மாலை ஐந்தரைக்கு 63. அதற்கு மேல் எனக்கு எந்தச் சாட்சியும் தேவையில்லை.

ஒரு சேலையை எடைபோட்டும் பார்த்தேன். உலர்ந்தது 470 கிராம், அலசிப் பிழிந்தது 930. இருபத்துநான்கு சேலைக்குக் கணக்குப் போட்டால் பதினொரு லிட்டர் தண்ணீர். பெட்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு குடம் தண்ணீரை விரித்துத் தொங்கவிட்டு, இருபது நாளாக மழையைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். மழை பெய்ததால் சேலை உள்ளே வந்தது, சேலை உள்ளே வந்ததால் அழைப்பு அறுந்தது.

இப்போது என்ன செய்வது? சேலையையும் காயவைக்க வேண்டும், பின்னறை வெளிச்சமும் வேண்டும்.

தூண்பெட்டி. சனி, காலை 6.40

அருமையாக அளந்திருக்கிறீர்கள் அம்மா. மூன்றாவது கொடியில் எண் மாறாததையும் மறைக்காமல் எழுதினீர்களே, அதுதான் நல்ல அளவு. அலை சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பிக் கலப்பதால் சில படிகளில் மாற்றம் தெரியாது.

இன்றைக்கே, செலவில்லாமல் செய்யக்கூடியது: கொடிகளைத் திருப்பிக் கட்டுங்கள். குறுக்காக இல்லாமல் தெரு முதல் முற்றம் வரை நீளவாக்கில். நிலைவாசல் அகலத்துக்கு நடுவில் வழி விடுங்கள். அதோடு பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, உங்கள் போனில் ஐந்தை மட்டும் சேமியுங்கள். 2.4இன் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை) 1, 6, 11 மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதில் நிறுத்துங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அந்தச் சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அது உதவும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் காற்றை நம்பாதீர்கள். முன்னறைப் பெட்டியிலிருந்து பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு சிறிய ரவுட்டரை வையுங்கள். கேட் 6 வயர் போதும், நூறு மீட்டர் வரை தாங்கும். பின்னறை ரவுட்டரை "ஆக்ஸஸ் பாயிண்ட்" நிலைக்கு (வயரில் வரும் இணைப்பை வைஃபையாக மட்டும் பரப்பும் நிலை) மாற்றச் சொல்லுங்கள். அந்த நிலை இல்லாத பழைய ரவுட்டர் என்றால் அதில் டிஹெச்சிபியை (ஐபி முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, அதன் முகவரியைப் பெட்டியின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் துளையில் செருக வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஐபி முகவரி வழங்கப் போட்டியிட்டு வேறொரு தலைவலி வரும். 5 கிகாஹெர்ட்ஸில் முன்னதை 36ஆம் சேனலிலும் பின்னதை 149ஆம் சேனலிலும் வைத்தால் ஒன்றோடொன்று இடிக்காது.

வேலை செய்பவர் இழை வயரைத் தொட வேண்டிய தேவையே இல்லை. தொட்டு மடித்துவிட்டால் எல்ஓஎஸ் சிவந்துவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பற்றுக்கோல். சனி, காலை 9.30

அக்கா, பின்னறைக்குப் புது ரவுட்டர் வேண்டாம். இரண்டு அலைவரிசையும் உள்ள பழைய ஒன்று வீட்டிலோ உறவிலோ சும்மா கிடக்கும், அது போதும். ஆனால் அதோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். வோல்ட் பொருந்தாத அடாப்டரைச் செருகி எரிந்துபோன ரவுட்டர்கள் என் மேசையில் இப்போதும் இரண்டு கிடக்கின்றன.

முடிச்சுக்காரி. அடுத்த புதன், இரவு 9.30

சனிக்கிழமையே கொடிகளைத் திருப்பிக் கட்டினோம். ஐந்துக்குப் பதில் நான்குதான் கட்ட முடிந்தது, நடுவில் இரண்டே முக்கால் அடி வழி. ஈரச் சேலை முழுதாகத் தொங்கும்போது பின்னறையில் மைனஸ் 66. அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் சரக்கு கூடும் நாளில் யாராவது அவசரத்தில் வழியில் ஒரு சேலையை விரித்துவிடுவார்கள் என்று பயந்து கேபிளையும் இழுத்துவிட்டோம். நாத்தனார் வீட்டில் பழைய ரவுட்டர் இருந்தது, அடாப்டரும் அதனுடையதே. பரணோரமாக ஆணியடித்து பதினெட்டு மீட்டர் வயர் போனது. ஆக்ஸஸ் பாயிண்ட் அமைப்பை மகள் படித்துப் படித்துத் தானே செய்தாள். இப்போது நாற்காலியில் மைனஸ் 41, பெட்டிக்குப் பிங் 2.

இன்று காலை பதினொரு மணிக்கு, கூடம் நிறையச் சேலை சொட்டிக்கொண்டிருக்கும்போதே, கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மாள் அழைத்தார். போன வாரம் இதே சேலையை மங்கலாகப் பார்த்து, அச்சு என்று சொல்லி வைத்துவிட்டவர். மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லி நான்தான் வேண்டியிருந்தேன். அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளி. போனைத் துணியை ஒட்டி நகர்த்திக் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒவ்வொன்றும் மொட்டு மாதிரி நிற்கிறதே, யார் கட்டியது?" என்று கேட்டார். கட்டியவர் அப்போது கூலி வாங்க வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டு அவர் கையில் போனைக் கொடுத்தேன். இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள்.